ரியூப் றப்பரும் இரண்டு பலகையும்

"அப்பா, உந்தக் கட்டு நிக்காது. இறங்கேக்க விழுந்திடும்."

மகள் வாசலில் கோப்பிக் கோப்பையோடு நின்று சொன்னாள். ஏப்ரல் நடுப்பகுதி, ஞாயிறு காலை ஆறு மணி. வெயில் அப்போதுதான் எதிர் மாடிவீட்டின் மேல் தட்டைத் தொட்டிருந்தது. நான் சைக்கிள் கரியரின் இடப்பக்கத்தில் இரண்டு ஸ்கீப் பலகைகளையும் நிமிர்த்தி வைத்து, கரியர் கம்பியோடு ஒரு கட்டும் சீற்றின் தண்டோடு ஒரு கட்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

"விழாது பிள்ளை. உப்பிடிக் கட்டித்தான் விறகு கொண்டுபோனனாங்கள்."

"விறகுக்குக் கூர் நுனி இல்லையே" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கட்டுவதற்கு நான் எடுத்தது பஞ்சராகிப்போன ரியூப்பை நீளவாக்கில் வெட்டிய றப்பர். ஊரில் சைக்கிள் வைத்திருந்த எவரிடமும் கரியரில் இது சுற்றிக் கிடக்கும். கயிறு இறுக்கினால் இறுகும், குலுங்கினால் தளரும். ரியூப் றப்பர் இழுத்துக் கட்டினால் குலுங்கக் குலுங்கத் தானும் சேர்ந்து குலுங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். கிடுகு, தகரம், கோழிக்கூடு, ஒருமுறை கலியாண வீட்டுக்குக் குலையோடு வாழைமரம், எல்லாம் இதில் கட்டிப் போயிருக்கிறேன். யாழ்ப்பாணத்துத் தரை தட்டை. மேடென்று எங்களுக்குத் தெரிந்தது மதகு மட்டும்தான். அந்தத் தட்டைத் தரையில் சைக்கிள் பழகியவன், இறங்கினால் கடலும் ஏறினால் காடுமாக இருக்கிற ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே ஈஸ்டர் விடுமுறைக்கு நகரமே வெறிச்சோடிவிடும். நோர்வேக்காரர் பலர் மலையிலுள்ள தங்கள் மரவீடுகளுக்குப் போய், பகல் முழுவதும் பனியில் சறுக்கி, மாலையில் துப்பறியும் நாவல் வாசிப்பார்கள். ஈஸ்டருக்குக் கொலைக்கதை வாசிக்கும் இந்த வழக்கம் 1923இல் ஒரு நாவலுக்குச் செய்த விளம்பரத்தில் தொடங்கியது. பத்திரிகையின் முதல் பக்கத்தில் "பேர்கன் ரயில் கொள்ளை" என்று தலைப்புச் செய்தி போலவே போட்டுவிட்டார்கள், உண்மையென்று நம்பியவர்களும் இருந்தார்கள். மலையில் வீடில்லாதவர்கள் நகரத்தில் மிஞ்சுவோம். எங்கள் குறூருட் பள்ளத்தாக்கில் அப்படி மிஞ்சுகிறவர்கள் அதிகம். இந்தப் பக்கத்து மாடிக் குடியிருப்புகளில் தமிழரும் நிறைய.

மலையில் வீடு இல்லாவிட்டால் என்ன, காடு இருக்கிறதே என்று எனக்கு உறைக்க இருபது வருடம் பிடித்தது. நான் இருக்கும் அமெருட்டில் கட்டடங்கள் முடிகிற இடத்தில் லில்லோமார்க்கா என்ற காடு தொடங்குகிறது. சமையலறை ஜன்னலில் நின்றால் ஊசியிலை மரங்கள் தெரியும். தெரிந்தும் அதற்குள் போகவில்லை. வேலை, பிறகு பிள்ளைகள், சனிக்கிழமையானால் தமிழ்ப் பள்ளிக்கூடம். உண்மையைச் சொன்னால் அதெல்லாம் சாட்டு. அந்தக் காடு அவர்களுடையது, இறுக்கமான உடுப்புப் போட்டு, சிறு வயதிலிருந்தே சறுக்கிப் பழகியவர்களுடையது என்ற எண்ணம்தான் காரணம். ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டே பிறக்கிறோம் என்று தங்களைப் பற்றி அவர்களே சொல்லிக்கொள்வார்கள். நான் 1987இல் வந்து வட நோர்வேயின் ஒரு மீன்பிடி ஊரில் மீன் வெட்டியவன். எங்களில் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். அங்கே யாரோ இரவல் தந்த ஸ்கீயில் நாலு தரம் விழுந்து எழும்பியதோடு என் சறுக்கல் படிப்பு முடிந்திருந்தது.

என்னைக் காட்டுக்குள் கொண்டுபோனது சைக்கிள். பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருநாள் என் கரியரைப் பார்த்து நின்று, இதில் ஸ்கீ கட்டலாமே என்றார். வசந்தத்தில் அவர் செய்வது அதுதானாம். பனி எதுவரை உருகியிருக்கிறதோ அதுவரை சைக்கிள், அங்கிருந்து ஸ்கீ. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நோர்வேஜிய மொழியில் அவரை நான் 'நீ' என்றுதான் அழைக்க வேண்டும், பேச்சில் எல்லோரும் எல்லோரையும் 'நீ'தான். மனதுக்குள் 'ஐயா' போட்டுக்கொள்வேன்.

பெப்ரவரி, மார்ச்சில் வீட்டுக்குப் பின்னாலேயே சறுக்கலாம். ஏப்ரல் நடுவில் லில்லோமார்க்காவின் தாழ்ந்த பகுதிகளில் சேறுதான் மிஞ்சும். பனி நகரத்தின் வடக்கே நூர்மார்க்காவின் மேட்டுப் பகுதிக்குப் பின்வாங்கிவிடும். அதைத் தேடிப் போக ஐந்தாம் இலக்க ரயில் போதும். அமெருட்டில் நிற்கும் அதே ரயில்தான் சொங்ஸ்வானிலும் நிற்கிறது. பாதாள ரயிலில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஏரியும் காடும். நாட்டின் தலைநகரம் ஒன்று இப்படி முடிவது எனக்கு இன்னும் அதிசயமாகவே இருக்கிறது.

சொங்ஸ்வான் ஏரியின் மேல் பனிக்கட்டி கறுத்துப் போயிருந்தது. கரையோரம் ஒரு முழம் தண்ணீர் விட்டு, நடுவில் பெரிய சாம்பல் நிறத் தட்டு மிதந்தது. ஏரியைச் சுற்றிய மூன்று கிலோமீட்டர் சொச்சம் பாதையில் ஓடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். நான் தலைக்கு மேல் இரண்டு கொம்பு முளைத்த மாடு மாதிரி அவர்களுக்குள்ளே புகுந்து போனேன். தாழ்ந்த கிளை வந்தால் குனிய வேண்டும். குனிந்தாலும் கொம்பு குனியாது. ஒருமுறை ஊசியிலைக் கிளை தட்டி, கழுத்துக்குள் தண்ணீர் சொட்டியது.

ஏரியைத் தாண்டினால், உல்லெவோல்செத்தெர் என்ற பழைய பண்ணைவீடு வரை ஏறிப்போகும் சரளை வீதி. தூரம் ஐந்தாறு கிலோமீட்டர். குளிர்காலத்தில் இதே வீதிதான் சறுக்குத் தடம். ஏப்ரலில் அது இரண்டும் கெட்டான். ஓரிடத்தில் காய்ந்த சரளை, அடுத்த வளைவில் நிழலுக்குள் உறைந்த ஐஸ், அதற்கடுத்ததில் சக்கரம் நாலு விரல் புதையும் களி. இந்தக் களிக்கு இங்கே தனிப் பெயர் உண்டு: தேலெலோஸ்னிங். குளிர்காலம் முழுக்க உறைந்த மண் மேலிருந்து இளகத் தொடங்கும். அடிமண் இன்னும் கல்லாக இருப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேல்மண்ணிலேயே நின்று அதைக் கூழாக்கிவிடும். ஊரில் மாரி மழையில் வயல் வரம்பு இளகுவது போலத்தான், ஆனால் இங்கே தண்ணீர் வானத்திலிருந்து வருவதில்லை, நிலத்துக்குள்ளேயே ஒளிந்திருந்து வெளிக்கிடுகிறது. இந்த நாட்களில் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் விட்டால் தடம் கிழிந்து கோடை முழுக்கத் தழும்பாகக் கிடக்கும். வீதியோடு நின்றுகொள்வதே மரியாதை. 1957ஆம் ஆண்டின் வெளிப்புறச் சட்டம் யாருடைய காட்டிலும் எவரும் நடக்கலாம், சறுக்கலாம் என்று உரிமை தந்திருக்கிறது. காட்டைப் பழுதாக்காமல் வா என்ற கடமையும் அதே சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

பாதி ஏற்றத்துக்கு மேல் வீதியின் குறுக்கே பனி வந்துவிட்டது. முதலில் திட்டுத் திட்டாக, பிறகு விளிம்பு கட்டி, பிறகு முழு வெள்ளை. சைக்கிளை ஒரு ஸ்புரூஸ் மரத்தில் சாய்த்துப் பூட்டினேன். அந்த மரத்தடியில் ஏற்கெனவே மூன்று சைக்கிள்கள் நின்றன. திருவிழாக் காலத்துக் கோயில் வீதி ஞாபகம் வந்தது. ஆட்களைக் காணவில்லை, வாகனங்கள் மட்டும் காத்துக்கொண்டு நின்றன.

இனிக் கிளிஸ்தர்.

ஸ்கீப் பலகை தட்டையானதல்ல. நடுவில் வில் போல மேலே வளைந்திருக்கும். ஒரு காலில் முழுப் பாரத்தையும் போட்டு உதைக்கும்போது நடுப்பகுதி பனியைத் தொட்டுப் பிடிக்க வேண்டும், இரண்டு காலிலும் நின்று வழுக்கும்போது அது பனியை விட்டு எழும்ப வேண்டும். பிடிப்பதற்காக அந்த நடுப்பகுதியில் மெழுகு பூசுவார்கள். புதுப்பனிக்குக் கட்டி மெழுகு போதும், பனித்துகளின் கூர்முனைகள் அதற்குள் குத்திப் பிடித்துக்கொள்ளும். வசந்தப் பனியில் கூர்முனை கிடையாது. பகலில் உருகி, இரவில் உறைந்து, மறுபடி உருகி உறைந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டை உருண்டையாகிவிடும். கையில் அள்ளினால் ஆனையிறவுக் கல்லுப்புத்தான். அந்த உப்பு மணிகளில் கட்டி மெழுகு வழுக்கிவிடும். அதற்குத்தான் குழாயிலிருந்து பிதுக்கும் இந்தக் கிளிஸ்தர் பசை. பேத்தர் ஓஸ்த்பியே என்ற நோர்வேக்காரர் 1913இல் காப்புரிமை எடுத்தது.

பிதுக்கியவுடன் எனக்கு ஞாபகம் வருவது பலாக்காய் வெட்டுகிற அம்மாவின் கை. அப்படியே பலாப்பால். இழுத்தால் நூல் விடும், விரலில் பட்டால் அடுத்த விரலில் ஒட்டும், அங்கிருந்து கையுறைக்கும் கையுறையிலிருந்து மூக்குக்கும் போகும். கிழவர் இதைப் பூசுவதைப் பார்க்க வேண்டும். பலகையின் நடுவில் இரண்டு பக்கமும் மீன்முள் போலச் சாய்வாகச் சிறு சிறு கோடு போட்டு, கைவிரல் அடியால் ஒரே தேய்ப்பில் கண்ணாடி மாதிரிப் படர விடுவார். தன் தகப்பன் காலத்தில் இதை வீட்டு அடுப்பில்தான் காய்ச்சினார்கள் என்றும், தார், பிசின், பழைய சைக்கிள் ரியூப் எல்லாம் உருக்கிக் கலந்தார்கள் என்றும், தாய் அந்தச் சட்டியை வீட்டுக்கு வெளியே எறிந்தாள் என்றும் சொல்லியிருக்கிறார். இப்போதைய பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பலகையின் அடியிலேயே மொஹேர்த் துண்டு ஒட்டி வருகிறது, எந்தப் பனிக்கும் அதுதான். மகளுடையது அந்த வகை. என்னுடையது பழைய சோடி.

ஏழே முக்காலுக்குப் பலகையில் ஏறினேன். இரவு உறைந்த மேற்தோடு இன்னும் இளகவில்லை. இதை ஸ்கார என்பார்கள். தடத்தைவிட்டு மரங்களுக்கிடையே போனாலும் ஆளைத் தாங்கும். பனியின் மேலே ஆற்று மணல் மாதிரி ஒரு கரகரப்பு, அதற்குக் கீழே சீமெந்துத் தரை. ஊசியிலைகளும் பட்டைத் துணுக்குகளும் பனியில் கொட்டிக் கிடந்தன, மிளகுத்தூள் தூவின மாதிரி. சத்தம் பெரிதாக இருக்கும், வழுக்கும் ஒவ்வொரு தடவையும் தகரத்தில் உப்புச் சுரண்டுகிற சத்தம். ஒன்பது மணிக்கு மேல் வெயில் படும் பக்கத்தில் மேல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மட்டும் இளகும். அடி கெட்டி, மேல் மெத்து. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். உதைத்தால் பிடிக்கிறது, விட்டால் ஓடுகிறது, என் வயதையும் முழங்காலையும் யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி. அந்தப் பெருமிதத்தில் ஒரு வளைவில் திரும்பியபோது, முதுகுப் பையில் கைக்குழந்தையைச் சுமந்தபடி ஒரு பெண் என்னைச் சத்தமில்லாமல் முந்திப் போனாள். குழந்தை திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு போனது.

கிளைவழிகளில் மரங்களில் சிவப்புக் குறிகள். சிவப்பு பனிக்காலத் தடம், நீலம் கோடை நடைபாதை. ஒரே மரத்தில் இரண்டும் இருந்தால் அது பன்னிரண்டு மாதமும் வேலைசெய்கிற மரம். குளிர்காலத்தில் இந்தத் தடங்களை இயந்திரம் கொண்டு சீராக்குவது 1883இல் தொடங்கிய ஸ்கீச் சங்கம். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நுழைவுச்சீட்டுக் கிடையாது, வேலி கிடையாது. சங்கத்தில் சேர்ந்தவர்கள் காசு கட்டுகிறார்கள், சேராதவர்களும் சறுக்குகிறார்கள். நான் ஆறு வருடம் இரண்டாவது வகையில் இருந்துவிட்டு வெட்கப்பட்டு முதல் வகைக்கு மாறினேன்.

காடு தானாகத் தப்பி நிற்கவில்லை. 1946இல், யுத்தம் முடிந்த மறு வருடம், நூர்மார்க்காவுக்கு ஊடாக உயரழுத்த மின்கம்பி இழுக்கத் திட்டம் வந்தபோது ஒஸ்லோ நகரமண்டபத்தின் முன் ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. சாப்பாட்டுக்குப் பங்கீட்டு அட்டை இருந்த காலம். 2009இல் மார்க்காச் சட்டம் வந்து, நகரைச் சுற்றிய ஏறக்குறைய 1,700 சதுர கிலோமீட்டருக்குக் கோடு போட்டது. கோட்டுக்கு உள்ளே புதுக் கட்டடம் எழுப்புவது லேசல்ல. இங்கே வீட்டு விலை ஏறும்போதெல்லாம், கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் என்ன என்று கேட்கிறவர்கள் வருகிறார்கள். என் மகளுக்கு வீடு வாங்க வழி தெரியாமல் நானும் ஒருநாள் அப்படிக் கேட்டிருக்கிறேன். கிழவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

உல்லெவோல்செத்தெரில் தெற்குச் சுவரோரம் இடம் பிடிக்கப் போட்டி. நோர்வேக்காரருக்கு வசந்த வெயில் விழும் சுவர் என்றால் உயிர். முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி, பேச்சில்லாமல் வரிசையாக இருப்பார்கள். தோடம்பழத் தோலின் மணம். குவிக் லுன்ஷ் என்ற சொக்லற், 1937இலிருந்து வருகிறது, அதைப் பனிக்காலப் பைக்குள் வைக்காமல் யாரும் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. அதன் உறைக்குள் மலையில் நடந்துகொள்ள வேண்டிய விதிகளை அச்சிட்டிருப்பார்கள். ஒன்பது விதிகளில் எட்டாவது, காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது. நான் என் றோல்ஸை எடுத்தேன். பக்கத்திலிருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து மணம் பிடித்தார். பாதி அவருக்கு, அவருடைய தோடம்பழத்தில் பாதி எனக்கு. மிளகாய் உறைத்து அவர் மூக்கைச் சிந்தியபோது, இது குளிருக்கு நல்லது என்று ஒரு வைத்தியமும் சொல்லி வைத்தேன்.

எட்டாவது விதியை நான் அன்று மீறினேன். வெயில் சுகத்தில் அரைமணி கூட இருந்துவிட்டு, பதினொன்றரைக்குத்தான் கிளம்பினேன். அதற்குள் பனி அழுகிவிட்டது. அழுகல் என்ற சொல்லைத்தான் அவர்களும் பாவிக்கிறார்கள். காலையில் ஆளைத் தாங்கிய மேற்தோடு இப்போது தாங்கவில்லை. ஒரு காலடி தடத்துக்கு வெளியே போக, பலகையோடு முழங்கால்வரை இறங்கி, முகம் குப்புற விழுந்தேன். மேற்கே துறீவானில் சரிவுச் சறுக்கு மைதானம் இருக்கிறது. இயந்திரம் மேலே இழுத்துவிடும், கீழே வழுக்கி வரலாம். மகள் அதில்தான் வளர்ந்தாள், என்னையும் கூப்பிட்டுப் பார்த்தாள். ஏறாமல் இறங்குவது கடன் வாங்கிச் சாப்பிடுகிற மாதிரி எனக்கு. விழுந்து கிடந்தபோது மட்டும் கடன் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது.

மரத்தடியில் என் சைக்கிள் தனியாக நின்றது. மற்ற மூவரும் காலத்தோடு இறங்கிவிட்டார்கள். பலகைகளை மறுபடி கட்டினேன். இந்தமுறை கிளிஸ்தர் கையோடு. றப்பர், கைப்பிடி, மணி, எல்லாவற்றிலும் பலாப்பால். ஊன்றுதடிகளைப் பாருக்குச் சமாந்தரமாக ஒரே கட்டில் இழுத்துக் கட்டினேன். காலையில் தடிகளுக்கும் இரண்டு கட்டுப் போட்டது இப்போது ஞாபகம் வருகிறது. இறக்கத்தில் மூன்றாவது வளைவில் பின்னால் "கடக்" என்றது. ஒரு தடி நழுவி, அதன் அடித் தட்டு பின் சக்கரத்துக்குள் போய்விட்டது. இரண்டு கம்பி முறிந்து, சில்லு ஆட்டம் கண்டு, நான் களிக்குள் இறங்கி நின்றேன். பலகைகள் அசையவில்லை. றப்பரில் பிழையில்லை என்று மகளிடம் சொல்ல அந்த ஒரு நியாயம் மிஞ்சியது. முறிந்த கம்பிகளைப் பக்கத்துக் கம்பிகளோடு முறுக்கிவிட்டு, பிறேக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் சில்லு ஓடும். ஊரில் சைக்கிள் கடை வாங்கிலிருந்து பார்த்துப் பழகியது.

ரயிலேறியிருக்கலாம். ஆனால் இறக்கம் முழுக்க முன்னால் கிடக்கும்போது மனம் கேட்கவில்லை. கிழக்கே இறங்கினால் மரிதால்ஸ்வான் ஏரி. ஒஸ்லோவின் குடிதண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு இதிலிருந்துதான், அதனால் யாரும் குளிக்கக் கூடாது. அதன் தென்கோடியிலிருந்து ஆக்கெர்ஸெல்வா ஆறு வெளிக்கிட்டு, எட்டுக் கிலோமீட்டர் ஓடி, 149 மீற்றர் உயரத்தை இறங்கிக் கடலைத் தொடுகிறது. ஆற்றோரமாகவே பாதை. பனி உருகும் காலத்தில் தண்ணீர் தேயிலைச் சாய நிறத்தில் நுரைத்துக்கொண்டு வரும். முதல் பாதியில் பேச்சுக் கேட்காது, அவ்வளவு இரைச்சல். இந்த விழுச்சியை நம்பித்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு கரையிலும் நெசவாலைகள் வந்தன. பேயெர் பாலத்தில் அந்த ஆலைப் பெண்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஆலைகள் இப்போது அலுவலகங்களும் சாப்பாட்டுக் கடைகளும்.

கரையில் வெள்ளைக் காட்டுப்பூக்கள் கம்பளம் விரித்திருந்தன. தலைக்கு மேல் இரண்டு பலகையோடு நான் அந்தப் பூக்களுக்கிடையே இறங்கி வந்தேன். குறூனர்லொக்கா என்ற பகுதியில் ரீ-சேட்டோடு வெளியே இருந்து இந்த வருடத்தின் முதல் பியர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கையசைத்தார்கள். வீதிகளில் மட்டும் இன்னும் குளிர்காலம் மிச்சமிருந்தது. வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளைப் பொடியை முழுதாகக் கூட்டி முடிக்கவில்லை, வளைவில் பிறேக் பிடித்தால் சில்லு இழுத்துக்கொண்டு போகும். காலையில் பனியில் விழுந்ததைவிட இதில் விழுந்தால் தோல் போகும். அதனால் கடைசி ஒரு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே போனேன். ஒப்பெரா மண்டபத்தின் வெள்ளைக் கூரை கடலுக்குள் சரிந்து இறங்கும் இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீரில் கை வைத்தேன். கிளிஸ்தர் போகவில்லை. அது உப்புத் தண்ணீருக்கெல்லாம் போகாது, வீட்டில் தேங்காயெண்ணெய் இருக்கிறது.

திரும்பும் ரயிலில் எதிரே நின்ற இளைஞன் விலையுயர்ந்த சைக்கிளோடு வந்திருந்தான். என் சேற்றையும் முறிந்த கம்பியையும் பார்த்தான், பிறகு கட்டைப் பார்த்தான், விரலால் இழுத்துவிட்டுப் பார்த்தான். எங்கே வாங்கினாய் என்று கேட்டான்.

வாங்க முடியாது, ரியூப் பஞ்சராக வேண்டும் என்றேன். பைக்குள் ஒரு மிச்சத் துண்டு கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைக் கைகளில் இழுத்துப் பார்த்தான். பிறகு மற்றக் கையால் பிரிக்க முயன்றான். கிளிஸ்தர் இருந்தது. அமெருட்டில் நான் இறங்கும்போதும் அவன் விரல் விரலாக அதைக் கழற்றிக்கொண்டே நின்றான்.